கொட்டிவிட்ட முதல் வாளி

டிரான்ஸ்பார்மர் எண்ணெய் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது, எத்தனை டிரான்ஸ்பார்மர் வெடித்துப் பார்த்திருக்கிறீர்கள் என்றுதான். இரண்டு. மூன்றாவது ஒன்று வெடித்திருக்க வேண்டும், வெடிக்கவில்லை. வெடித்த இரண்டையும் நான் பல வருடம் நினைக்காமலே இருந்தேன். வெடிக்காத அந்த மூன்றாவதுதான் அவற்றை நினைக்க வைத்தது. அதனால் அதை எழுதுகிறேன்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. பொட்டிபுரத்தில் ஒன்பதாம் வகுப்பு, அதிலும் பாதி வருடம். ஒருநாள் தேனிக்குப் போகிற பஸ்சில் ஏறினேன், ராய்ச்சூரில் இறங்கினேன். நடுவில் இரண்டு வருடம் இருக்கிறது. ஓட்டலில் இலை எடுத்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், செங்கல் சூளையில் காலைச் சுட்டுக்கொண்டேன். ராய்ச்சூரில் காலி எண்ணெய் டிரம்முகளுக்கு நடுவில் படுக்க இடம் கொடுத்தார்கள். இடம் கொடுத்தவர்கள் வேலையும் கொடுத்தார்கள். அப்படித்தான் இந்தத் தொழில்.

டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் எண்ணெய்க்கு இரண்டு வேலை. கம்பிச் சுருளின் சூட்டை வாங்கி வெளியே கொண்டுபோக வேண்டும். உள்ளே மின்சாரம் கண்ட இடத்தில் தாவாமல் தடுக்க வேண்டும். எண்ணெயில் தூசியோ ஈரமோ சேர்ந்தால் இரண்டாவது வேலை கெடும். அதனால் எண்ணெயைச் சூடாக்கி, வடிகட்டி, ஈரம் போக்கி, மறுபடி ஊற்றுவோம். பிறகு அடி வால்வில் இருந்து கொஞ்சம் பிடித்துச் சோதிப்போம். ஒரு கிண்ணத்தில் எதிரெதிராக இரண்டு பித்தளைக் குண்டுகள், நடுவில் எண்ணெய். மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். எந்த அளவில் பொறி தாவுகிறதோ அதுதான் அந்த எண்ணெயின் தாங்குசக்தி.

ராய்ச்சூர் மேஸ்திரி எனக்குச் சொல்லிக் கொடுத்தது மூன்றே வாக்கியம். அடி வால்வைத் திற. முதல் வாளியைக் கொட்டு. இரண்டாவதைச் சோதி. வால்வின் கழுத்தில் துருவும் தேங்கின அழுக்கும் இருக்கும், அதைச் சோதித்தால் நல்ல எண்ணெயும் கெட்டதாகத் தெரியும் என்பது காரணம். சரியான காரணம்தான். பின்னால் நான் பார்த்த புத்தகங்களிலும் அப்படித்தான் போட்டிருந்தது. கர்நாடகம், ஆந்திரா, ஒரிசா என்று நான் போன இடமெல்லாம் முதல் வாளியைக் கொட்டினேன். ஒரிசாவில் ஒன்று வெடித்தது, யாருக்கும் அடி இல்லை. குண்டூர் பக்கம் ஒரு பஞ்சாலையில் நாங்கள் சோதித்துக் கொடுத்த டிரான்ஸ்பார்மர் மூன்றாம் நாள் வெடித்தது. பக்கத்தில் நின்ற பிட்டருக்கு வலது கண் போயிற்று. இடி விழுந்தது என்றார்கள். நாங்களும் இடி என்றோம். அடுத்த ஊருக்கு லாரி ஏறினோம்.

ஐம்பது தாண்டிய பிறகு போடிக்குத் திரும்பினேன். வடிகட்டும் மெஷின் ஒன்று, சோதனைப் பெட்டி ஒன்று. மலையில் ஏலத்தோட்டங்களுக்கும் காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்கும் சொந்த டிரான்ஸ்பார்மர்கள் உண்டு. எனக்கு அது போதும்.

அப்போதுதான் ரேவதி மேடம் வந்தார். போடிக்காரப் பெண், ஒரு என்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். கையில் ஒரு பாட்டில் எண்ணெய், அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கலாக.

"இது கெட்டுப்போன எண்ணெய் மேடம். எங்க எடுத்தீங்க?"

"கெடலைண்ணே. நான்தான் பொடி கலந்திருக்கேன்."

"பொடியா? எதுக்கு?"

"சூடு வெரசா வெளியேறும். கரண்ட்டும் முன்னைவிடக் கூடுதலாத் தாங்கும்."

நான் சிரித்துவிட்டேன். பொடி விழுந்த எண்ணெய் சாகும் என்பதை வைத்துத்தான் நான் இத்தனை வருடம் சாப்பிட்டிருக்கிறேன். "சோதிச்சுருவோம்" என்று கிண்ணத்தை எடுத்தேன். முதலில் என்னுடைய தெளிந்த எண்ணெய். ஐம்பத்தைந்து கிலோவோல்ட்டில் பொறி தாவியது. அடுத்து அவருடைய கலங்கல் எண்ணெய். ஐம்பது தாண்டியது, ஐம்பத்தைந்து தாண்டியது, பொறி இல்லை. அறுபது தாண்டியது. குமிழை இன்னும் திருகினேன். எழுபதுக்குப் பக்கத்தில்தான் 'டக்' என்றது.

பெட்டி பழுது என்றேன். கிண்ணத்தை நானே கழுவித் துடைத்து மறுபடி பார்த்தேன். அதே கணக்கு. மூன்றாம் முறையும் அதே. ஒன்றை ஆயுள் முழுக்கத் தப்பாகத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறேனோ என்கிற பயம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு இப்போது தெரியாது. தெரிய வரும்.

"எப்படி மேடம்?"

"ஓடி வர்றவனை ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நிறுத்தி நலம் விசாரிச்சா அவன் பஸ்சைப் பிடிப்பானாண்ணே? பொறி ஓடுற வழியில இந்தப் பொடி அதை அப்படித்தான் பிடிச்சுப் பிடிச்சு நிறுத்தும். ஆனா ரொம்ப ரொம்பப் பொடிசா இருக்கணும். ஒரு தலைமுடி அகலத்துல ஆயிரத்தை வரிசையா நிறுத்துற அளவுக்கு. நானோ துகள்னு சொல்றோம். ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க ஒரு மருந்தும் சேர்த்திருக்கேன்."

இதை ஒரு நிஜ டிரான்ஸ்பார்மரில் போட்டுப் பார்க்க வேண்டும், இடம் காட்டுங்கள் என்றார். நான் தங்கராசுவைக் காட்டினேன். ராசிங்காபுரத்துக்காரன், எனக்குப் பழக்கம். போடிமெட்டு தாண்டி மேலே அவனுக்கு ஸ்டோர் இருக்கிறது. சுற்றிலும் உள்ள சின்னத் தோட்டக்காரர்களின் பச்சைக்காயும் அங்கேதான் காயும். பழைய விறகு அடுப்புகளை இடித்துவிட்டு எல்லாவற்றையும் கரண்ட்டு டிரையராக மாற்றியிருந்தான். சீசனில் அவை நிற்காமல் ஓடும். டிரான்ஸ்பார்மர் தாங்காமல் கொதிக்கும்.

"மாப்ளே, காய் காயுறதுக்குள்ள இந்த டிரான்ஸ்பார்மர் காஞ்சுரும்போல இருக்குடா" என்று என்னிடம் பல தடவை புலம்பியிருக்கிறான். அதனால் உடனே ஒத்துக்கொண்டான்.

நிரப்புகிற அன்றைக்கே ஒரு கூத்து. என் கை தன் பழக்கத்தில் வடிகட்டித் தாளைச் செருகி மெஷினை ஓட்டிவிட்டது. பத்து நிமிடத்தில் எண்ணெய் கண்ணாடி மாதிரித் தெளிந்து வருகிறது. தாள் முழுக்க வெள்ளை. ரேவதி மேடம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "மூணு மாசம் கலக்குனேண்ணே. பத்து நிமிசத்துல பிரிச்சு எடுத்துட்டீங்களே!" தங்கராசு சிரித்துச் சிரித்து இருமினான். மறுபடி கலக்கிக்கொண்டு வந்து, தாள் இல்லாமல் ஊற்றினோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் கை என்னைக் கேட்காமல் வேலை செய்கிறது என்று அன்றைக்கே எனக்கு எச்சரிக்கை வந்துவிட்டது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அந்த சீசன் அருமையாகப் போனது. டிரையர் எல்லாம் முழு வீச்சில் ஓடியும் சூடு காட்டும் முள் பழைய இடத்துக்கு ஏறவே இல்லை. தங்கராசு வருகிறவர் போகிறவரை எல்லாம் கூப்பிட்டு அந்த முள்ளைக் காட்டினான். அடுத்த வளைவில் ஸ்டோர் வைத்திருக்கும் மலையாளி வர்கீஸ் சேட்டன் இன்னும் விறகில் காய் உலர்த்துகிறார். அவருக்கு 'விறகுக்காரன்' என்று பேர் வைத்தான்.

சீசன் முடிந்தது. மலையில் ஒரு பழக்கம் உண்டு. கடைசிக் காய் உலர்ந்ததும், கோடை மழை இடிக்குப் பயந்து, ஸ்டோர்காரர்கள் மின்கம்பத்துச் சுவிட்சை இறக்கிவிடுவார்கள். அடுத்த காய் எடுப்புவரை டிரான்ஸ்பார்மருக்கு மின்சாரம் கிடையாது. இது மலையில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை யாரும் யாரிடமும் சொல்வதில்லை. ரேவதி மேடத்திடமும் நாங்கள் சொல்லவில்லை.

அடுத்த வருடம் மழை முந்திக்கொண்டது. முதல் எடுப்பு எதிர்பார்த்ததற்கு முன்பே வந்துவிட்டது. தங்கராசு போன் செய்தான்: "மாப்ளே, காலைல இருந்து ஜீப்பு ஜீப்பா பச்சைக்காய் வந்து எறங்குது. வெரசா வந்து சோதிச்சுக் குடு, சுவிட்சை ஏத்தணும்."

பச்சைக்காய் பறித்தால் பறித்த அன்றே உலர்த்தலுக்கு ஏற வேண்டும். தாமதித்தால் பச்சை வெளுத்து மஞ்சளாகும், தோல் வெடிக்கும். ஏலம் எடுக்க வந்து அள்ளிப் பார்க்கிற வியாபாரிகள் மூடைக்குள் திருப்பிப் போட்டுவிடுவார்கள். நான் போய்ச் சேரும்போது ஸ்டோரின் உள்சுவர் நீளத்துக்கும் மூடைகள். டிரான்ஸ்பார்மர் இருக்கிற சுவரை ஒட்டித்தான் பெண்கள் உட்கார்ந்து காயைப் பொறுக்குவார்கள். ஒரு பதினைந்து பேர் இருப்பார்கள். வெளியே பத்தடியில் நிற்கிற ஆள் தெரியாத மூடுபனி, மலையில் மஞ்சு என்பார்கள். அந்தப் பெண்களை வேலை வாங்கும் கங்காணி ஈஸ்வரி. அவளும் அவள் வீட்டுக்காரரும் அந்த வருடம்தான் கொஞ்சம் இடம் குத்தகைக்குப் பிடித்துக் காய் போட்டிருந்தார்கள். அவர்களுடைய முதல் மூடையும் அந்த வரிசையில் இருந்தது. வந்ததும் எனக்குக் காட்டினாள். "அண்ணே, அந்தச் செவப்புக் கயிறு கட்டுன மூடை நம்மளது."

வேலையை ஆரம்பித்தேன். பழைய சாக்கு ஒன்றைத் தரையில் விரித்து, அடி வால்வைத் திறந்து, முதல் வாளியைப் பிடித்தேன். மோர் மாதிரி வெள்ளையாக, திட்டுத் திட்டாக வந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சாக்கில் கொட்டினேன். முதல் வாளி அப்படித்தான் இருக்கும், அதுவும் இது வெள்ளை எண்ணெய்தானே என்று மனம் சொன்னது. இரண்டாவது வாளி தெளிவாக வந்தது. நல்ல பொன் நிறம். எனக்கு நிம்மதியாக இருந்தது.

இந்த இடத்தில் படிப்பதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்த எண்ணெய் தெளிவாக இருக்கவே கூடாது. கலங்கலாக இருந்தால்தான் அது சரி. எனக்கு அது தெரியும். தெரிந்த எனக்குத்தான் அதன் தெளிவைப் பார்த்து நிம்மதி வந்தது.

சோதித்தேன். ஆறு முறையும் நன்றாக வந்தது. ஏன் வராது? பொடி எல்லாம் அடியில் படிந்த பிறகு மேலே நிற்பது வெறும் நல்ல எண்ணெய்தானே. அட்டையில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தங்கராசுவிடம் கொடுத்தேன். அவன் கையுறையை மாட்டிக்கொண்டு கம்பத்துக்குப் போனான். நான் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஈஸ்வரி அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணே, இதுல என்னத்தக் கொட்டுனீக? எண்ணெய் எறங்கிப்போச்சு, சுண்ணாம்பு மாதிரி அப்பிக்கிட்டுக் கெடக்கு. ஒதறுனாலும் போகலை. தூரப் போடவா?"

தொட்டுப் பார்த்தேன். சாதாரண அடிக்கசடு கறுப்பாக வழவழவென்று இருக்கும். இது வெள்ளை. விரலில் நெருநெருவென்று உரசியது. ஒரு வாளியில் ஒரு விரல் கனம்.

அதற்குப் பிறகு நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். டீ டம்ளர் எங்கே விழுந்தது என்று தெரியாது. மஞ்சுக்குள் ஓடினேன். "தங்கராசு! கைய எடு! கைய எடுடா!"

அவன் சுவிட்சின் இரும்புப் பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். முழங்கை மடங்கிவிட்டது. இன்னும் ஒரு தள்ளுதான்.

"என்னடா? பாம்பா?"

"ஏத்தாதே. எண்ணெய் சரியில்லை."

"நீதானடா சரின்னு எழுதிக் குடுத்தே? அட்டை இங்க இருக்கு பாரு!"

அட்டையை அவன் பையில் இருந்து பிடுங்கிக் கிழித்தேன். அவன் என் சட்டையைப் பிடித்துவிட்டான். "வெளையாடுறியா மாப்ளே? உள்ள அம்புட்டுக் காய் கெடக்கு. எங்காயி மட்டுமில்ல, ஊர்க்காயி! என்னைய நம்பி விறகு அடுப்ப விட்டுட்டு வந்தவனுக!"

"சுவத்துக்கு அந்தப் பக்கம் பதினைஞ்சு பொம்பளைக உக்காந்திருக்காக தங்கராசு."

அவன் சட்டையை விடவில்லை. அடித்திருந்தாலும் தப்பில்லை. ஆனால் அப்புறம் பிடியைத் தள்ளவும் இல்லை.

அங்கே ஒரே ஒரு பாறைமேல்தான் சிக்னல் கிடைக்கும். ஏறி நின்று ரேவதி மேடத்தைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"அடியில படியாதுண்ணே. ஓடிக்கிட்டே இருந்தா சூட்டுல எண்ணெய் சுத்தும், பொடி மேலதான் நிக்கும். ஒரு வேளை லேசாப் படிஞ்சிருந்தாலும் ஏத்தினா திரும்பக் கலந்துரும்."

"ஓடிக்கிட்டே இல்லை மேடம். சீசன் முடிஞ்சதும் சுவிட்சை இறக்கிட்டாக."

"லோடைக் குறைச்சுட்டாங்கன்னுதானே?"

"லோடு இல்லை. கரண்ட்டையே. அஞ்சு மாசம். இந்த மஞ்சுல, ஈரத்துல, அப்படியே நின்னிருக்கு."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் போனில் கேட்டது.

"அண்ணே," என்றார். குரலே வேறாக இருந்தது. "ஈரம் பட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உருண்டையாயிரும். உருண்டையாயிட்டா அது நான் போட்ட பொடி இல்லை. வெறும் தூசி. ஏத்தாதீங்க. யாரையும் பக்கத்துல விடாதீங்க. நான் வர்றேன்."

நான் இறங்கி வரும்போது தங்கராசு மூடைகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். பெண்களை வெளியே வரச்சொல்லியிருந்தான், அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு போனை எடுத்து, பாறைமேல் ஏறினான். யாரைக் கூப்பிடுகிறான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அடுத்த வளைவில் அடுப்பு எரிகிற ஸ்டோர் ஒன்றுதான் உண்டு.

"வர்கீஸ் சேட்டா… நான்தான். ராசு." காய் கிடக்கிறது, டிரையர் ஓடாது என்றான். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கே கேட்டது. "கொண்டு வா அண்ணே. அடுப்பு எரியுன்னுண்டு. பேச்சு பின்னே பேசலாம்."

வந்த ஜீப்புகளே திரும்பின. ஊர்க்காய் முதலில் போனது. தங்கராசு நின்று பேர் சொல்லிச் சொல்லி ஏற்றினான். "ஆத்தா ஈஸ்வரி, ஒன் செவப்புக் கயிறு எங்க? கொண்டா, இந்த ஜீப்புல ஏத்து." வர்கீஸ் சேட்டனின் அடுப்பு எவ்வளவுதான் கொள்ளும்? கடைசியில் மிஞ்சினது தங்கராசுவின் சொந்தக் காய். அது மறுநாள் மஞ்சளாகி வாய் பிளந்து கிடந்தது. அவன் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ரேவதி மேடம், தங்கராசு, நான் மூன்று பேரும் நிற்க, எண்ணெயை டிரம்முகளில் இறக்கிவிட்டு, மூடியைக் கழற்றி, சுருளைச் செயின் போட்டுத் தூக்கினோம். எத்தனையோ டிரான்ஸ்பார்மர் திறந்திருக்கிறேன். இதைப்போலப் பார்த்ததில்லை. சுருள் முழுக்க வெண்மை படர்ந்திருந்தது, மார்கழிப் பனி விழுந்த புல் மாதிரி. தொட்டியின் அடியில் களிம்பாக ஒரு படுகை. எல்லாவற்றையும்விட, மூடியைக் கழற்றியதுமே நாங்கள் பார்த்தது: மின்சாரம் நுழைகிற கம்பிக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவில், ஒட்டடை தொங்குகிற மாதிரி ஒரு வெள்ளை இழை. ஒரு பக்கம் கம்பியில் ஒட்டியிருந்தது. மறுபக்கம் சுவரைத் தொட ஒரு விரற்கடைதான் பாக்கி. அந்த விரற்கடையில் இருந்தது நான் 'சரி' என்று கையெழுத்துப் போட்ட எண்ணெய்.

தங்கராசு அந்த இழையைப் பார்த்தான். பிறகு தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டான். "ஒரு தள்ளு" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ரேவதி மேடம் தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். "நான் கேட்கவே இல்லையேண்ணே. வருசம் பூரா ஓடுமான்னு ஒரு வார்த்தை கேட்கவே இல்லை."

"நாங்களும் சொல்லலை ஆத்தா."

அவர் படம் எடுத்தார், எழுதிக்கொண்டார். கிளம்பும்போது கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "முதல் வாளி எங்கண்ணே?" ஈஸ்வரி அந்தச் சாக்கைத் தூரப் போட்டிருக்கவில்லை. மேடம் அதைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் மலை இறங்கிப் போனார். பிறகு அவர் அந்தப் பொடிக்கு வேறு மருந்து கண்டுபிடித்து, மாதக்கணக்கில் அசையாமல் நிறுத்தி வைத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறார். இன்னும் முடியவில்லை என்கிறார். முடியாததை முடியவில்லை என்று சொல்கிறவரின் எண்ணெயை நான் நம்புவேன்.

இனி உங்களிடம். முதல் வாளியைச் சோதனைக்கு எடுக்காதீர்கள், அது இன்றும் சரிதான். ஆனால் கொட்டாதீர்கள். தனிப் பாட்டிலில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கி, நிறத்தைப் பாருங்கள். விரலில் தேய்த்துப் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். புது எண்ணெய் ஆனாலும் பழைய எண்ணெய் ஆனாலும் இதையே செய்யுங்கள். அந்தத் தொட்டி சும்மா நின்ற மாதங்களில் அதற்குள் என்ன நடந்தது என்பது அந்த வாளியில்தான் இருக்கிறது.

நான் வேலையை விட்ட பிறகு ஒருநாள், குண்டூர் பஞ்சாலை நினைவுக்கு வந்தது. அங்கேயும் அடி வால்வைத் திறந்தது நான்தான். இரண்டாவது வாளி பொன் நிறம். சோதனை நன்றாக வந்தது. மேஸ்திரி முதுகில் தட்டினார். அந்த பிட்டர் எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் நினைவிருக்கிறது. அந்த முதல் வாளி என்ன நிறம் என்று எத்தனையோ முறை உட்கார்ந்து யோசித்துப் பார்த்துவிட்டேன். வராது. நான் அதைப் பார்க்கவே இல்லை.